நம் ஊர் ஆச்சரியங்கள்: நம்பும் முன் கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்!

“உங்களுக்குத் தெரியுமா?” என்று தொடங்கும் செய்தி ஒன்றாவது தினமும் நம் போனுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நிலவில் நின்று பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பார்கள். (தெரியாது!) படிக்கிறோம், வியக்கிறோம், உடனே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அது உண்மையா என்று பார்க்க ஐந்து நிமிடம் செலவழிப்பவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு குறையும் உண்டு. இந்தச் செய்திகள் எல்லாம் அமேசான் காட்டையும் அண்டார்டிகாவையும் பற்றியே இருக்கின்றன. நான் இருப்பது அம்பத்தூரில். ஒரு பக்கம் ஆவடி, இன்னொரு பக்கம் பூந்தமல்லி. தொழிற்பேட்டை, மின்சார ரயில், தண்ணீர் லாரி என்றுதான் இந்தப் பகுதியை எல்லோருக்கும் தெரியும். இங்கே என்ன ஆச்சரியம் இருந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது! கடந்த சில ஆண்டுகளாக என் கம்ப்யூட்டரில் “நம் ஊர்” என்று ஒரு போல்டர் திறந்து இந்தத் தகவல்களைச் சேர்த்து வருகிறேன்.

அந்த போல்டருக்குள் ஒரு தகவல் போக வேண்டுமானால் மூன்று கேள்விகளில் தேற வேண்டும்.

1. சொல்லப்படும் ஆண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?
2. இதைக் கண்டறிந்தவர் யார்? எங்கே வெளியிட்டார்?
3. நானே பார்த்தோ, கணக்குப் போட்டோ சரிபார்க்க முடியுமா?

மூன்றில் இரண்டிலாவது தேறினால் உள்ளே. இல்லையென்றால் ரீசைக்கிள் பின்னுக்கு! அப்படித் தேறிய சில தகவல்களும், தேறாமல் போன ஒன்றும் இதோ. எல்லாவற்றையும் இலவச சாப்ட்வேர்களையும் வெப்சைட்களையும் கொண்டே நீங்கள் சோதிக்கலாம்.

தகவல் 1: நிழல் காணாமல் போகும் நாள்

“மதியம் 12 மணிக்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும்” என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். உண்மையில் சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டே நாட்கள்தான் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு நாள். அன்று உச்சிப்பொழுதில் நேராக நிற்கும் கம்பத்துக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. கம்பத்தின் அடியிலேயே மறைந்துவிடும். இதை நிழலில்லா நாள் என்கிறார்கள்.

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு மட்டுமே இந்த வாய்ப்பு. டில்லிக்காரர்கள் தங்கள் ஊரில் இதை ஒருநாளும் பார்க்க முடியாது.

இன்னொன்று கவனியுங்கள். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதனால் மே, ஜூன் மாதங்களில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். “வடக்குப் பார்த்த ஜன்னல், வெயிலே வராது” என்று சொல்லி வீடு காட்டினால் ஜூன் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எப்படிச் சோதிப்பது? ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானியல் சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். எப் 6 கீயை அழுத்தினால் இடத்தைக் குறிக்கும் விண்டோ திறக்கும். அட்சரேகை 13.1 வடக்கு, தீர்க்கரேகை 80.15 கிழக்கு என்று கொடுங்கள். இது அம்பத்தூர். பிறகு எப் 5 அழுத்தி ஏப்ரல் 24, நேரம் 12.07 என்று அமைத்து, சூரியன் மீது கிளிக் செய்திடுங்கள். சூரியனின் உயரம் 90 டிகிரிக்கு மிக அருகில் இருப்பது திரையிலேயே தெரியும்.

திரையில் பார்த்ததோடு விடாமல் நான் மொட்டை மாடியில் ஒரு பிவிசி பைப்பை, தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் சுற்றி நின்றார்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி பைப்பின் அடிக்குள் போனதும் அவர்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடிவந்துவிட்டார்!

தகவல் 2: தொலைந்துபோன ஒன்பது நிமிடம்

மேலே 12.07 என்று சொன்னேனே, ஏன் சரியாக 12 மணிக்கு நிழல் மறையவில்லை? இதற்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது.

இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே, ஏறத்தாழ 80 டிகிரியில் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் நம் உச்சிக்கு வரச் சராசரியாக ஒன்பது நிமிடத்துக்கும் சற்று மேலாகத் தாமதமாகிறது. பூமியின் சுற்றுப்பாதை சீரான வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இதனால் அந்தத் தாமதம் நாளுக்கு நாள் சில நிமிடம் மாறும். ஏப்ரலில் 12.07, ஆகஸ்டில் 12.13 என்று வருவது அதனால்தான்.

1906-க்கு முன்பு இந்த ஒன்பது நிமிட வித்தியாசமே நமக்குக் கிடையாது. “மெட்ராஸ் டைம்” என்று தனி நேரம் இருந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்ட நேரம் அது. கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடியது. நாட்டின் மற்ற பகுதி ரயில்களுக்குக்கூட மெட்ராஸ் நேரம்தான் கணக்கு! 1906 ஜனவரி 1-ல் 5 மணி 30 நிமிடம் என்ற பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. நம் கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னால் ஓடியது. சூரியன் மட்டும் இன்னும் மெட்ராஸ் டைமில்தான் வருகிறது.

தகவல் 3: 1853-க்கு முன்பே நம் பக்கத்தில் ரயில்பாதை

“இந்தியாவின் முதல் ரயில் எது?” என்ற வினாடி-வினா கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் 1853 ஏப்ரல் 16, பம்பாயிலிருந்து தாணே. இது முதல் பயணிகள் ரயில். ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1837-ல், அம்பத்தூருக்கு வடகிழக்கே உள்ள செங்குன்றத்தில் தண்டவாளம் போட்டாயிற்று!

செங்குன்றத்திலிருந்து செம்பாறைக் கற்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து சாலை போடுவதற்காக, சிந்தாதிரிப்பேட்டை வரை இந்தப் பாதை அமைக்கப்பட்டது. அமைத்தவர் ஆர்தர் காட்டன். ஆம், கொள்ளிடத்தின் மேலணையையும் பின்னாளில் கோதாவரியின் தவளேஸ்வரம் அணைக்கட்டையும் கட்டிய அதே பொறியாளர்தான். சுழல் வகை நீராவி இயந்திரம் ஒன்றும் இந்தப் பாதையில் பயன்பட்டிருக்கிறது.

ஆக, கேள்வியில் “பயணிகள்” என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெருமையும் நமக்கு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அது சென்ற வழி அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். தினமும் நாம் முண்டியடித்து ஏறும் இந்த லைன்தான் தெற்கிலேயே மூத்த லைன்!

தகவல் 4: ஆவடி என்பது சுருக்கெழுத்தா?

இதோ, சோதனையில் தேறாத தகவல். “ஆவடி என்பது ஊர்ப்பெயரே அல்ல. கவச வாகன, வெடிமருந்துக் கிடங்கு என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் அது. டேங்க் தொழிற்சாலை வந்ததால் வந்த பெயர்” என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது. எழுத்துகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதுவே சந்தேகப்பட முதல் காரணம்!

முதல் கேள்வியைப் போடுங்கள். ஆண்டுகள் பொருந்துகின்றனவா? ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கப்பட்டது. அங்கே தயாரான முதல் விஜயந்தா டேங்க் வெளிவந்தது 1965-ல். ஆனால் 1955 ஜனவரியிலேயே ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு நடந்துவிட்டது. யு.என். தேபர் தலைமை வகித்தார், நேரு கலந்துகொண்டார். சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது அந்த மகாநாடுதான். நாடெங்கும் பத்திரிகைகளில் “ஆவடி” என்ற பெயர் அச்சாகி ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் டேங்க் தொழிற்சாலை வந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே பேரன் பெயர் வைத்தான் என்று சொன்னால் எப்படி நம்புவது?

ஆவடி என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பது தனி ஆராய்ச்சி. தொழிற்சாலை தந்த பெயர் என்ற கதை மட்டும் தேறவில்லை. முதல் எழுத்துகளைச் சேர்த்து விளக்கம் சொல்லும் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தகவல் 5: கனடாவில் ஒரு பூந்தமல்லி

கூகுள் மேப்ஸைத் திறந்து, ஆங்கிலத்தில் பூந்தமல்லி என்று டைப் செய்திடுங்கள். ஆனால் நாம் கடைசியில் போடும் இரண்டு எல், இரண்டு ஈ வேண்டாம். ஒரே ஒரு எல், அதன்பின் ஐ, ஈ என்று முடியுங்கள். கூடவே ஒன்டாரியோ என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேப் உங்களைக் கனடாவுக்கு அழைத்துச் செல்லும்!

ஒட்டாவாவையும் கிங்ஸ்டனையும் இணைக்கும் ரிடோ கால்வாயில், ஸ்மித்ஸ் பால்ஸ் என்ற ஊருக்கு அருகே இருக்கிறது இந்தப் பூந்தமல்லி. படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகு நிலையம் அது. முதலில் அந்த இடத்துக்கு வேறு பெயர். பின்னர் நம் ஊரின் பெயரைச் சூட்டினார்கள். 202 கி.மீ. நீளமுள்ள இந்தக் கால்வாயை பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் கட்டி 1832-ல் திறந்தார்கள். பூந்தமல்லியிலும் அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படைமுகாம் இருந்தது. பட்டாளத்தோடு சேர்ந்து பெயரும் கடல் கடந்துவிட்டது.

ரிடோ கால்வாயை 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பெரும்பாலான மதகுகளை இன்றும் கையால் சுழற்றித்தான் திறக்கிறார்கள். பூந்தமல்லி மதகும் அப்படித்தான்.

தகவல் 6: ஸ்ரீபெரும்புதூரில் கடல்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன இடம். ஆனால் நிலவியல் மாணவர்களுக்கு இது தாவரப் புதைபடிவங்களின் ஊர். இங்குள்ள பாறை அடுக்குகளுக்கே “ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்” என்றுதான் பெயர். 19-ம் நூற்றாண்டிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவற்றை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது.

இந்தப் பாறைகளில் சைகஸ் போன்ற தோற்றமுள்ள, இன்று உலகில் எங்குமே இல்லாத செடிகளின் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. கூடவே அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் தடங்களும் கிடைத்துள்ளன. நத்தை ஓடுபோல் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்குத் தூரத்து உறவான உயிர் அது. அதாவது, 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்த இடத்தைக் கடல் எட்டியிருந்தது. அப்போது டைனோசர்கள் உலவிக்கொண்டிருந்தன. இந்தியா ஆசியாவோடு ஒட்டவே இல்லை.

எப்படிச் சோதிப்பது? “ஏன்ஷியன்ட் எர்த்” என்ற பெயரில் பிரவுசரிலேயே இயங்கும் உலக உருண்டை ஒன்று இருக்கிறது. தேடிப் பிடித்துத் திறந்து, ஊர்ப்பெயர் கட்டத்தில் சென்னை என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். மேலே உள்ள பட்டியலில் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். சென்னையைக் குறிக்கும் புள்ளி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய விஷயம் இது.

தகவல் 7: பதினைந்து லட்சம் ஆண்டுப் பழைய பட்டறை

அம்பத்தூர் என்றால் பட்டறை, லேத், டூல் ரூம். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் கருவி செய்யும் தொழில் எப்போது ஆரம்பித்தது தெரியுமா? பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தைக் கேளுங்கள்.

1863-ல் பல்லாவரத்தில் முதல் கல்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட், அதே ஆண்டு சகா வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சென்னையைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே விரிவாக அகழாய்வு செய்தது. 2011-ல் “சயின்ஸ்” இதழில் முடிவு வெளியானது. அங்குள்ள கல்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் உலகில் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆக, அந்தக் கோடரிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்தைய மனித இனத்தார்.

2018-ல் “நேச்சர்” இதழில் அதே குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. பெரிய கல்கோடரியை விட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறும் தொழில்நுட்ப மாற்றம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது அது. இந்தியாவில் அந்த மாற்றம் மிகப் பின்னால்தான் வந்தது என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 2018 ஆய்வில் பயன்பட்டது ஒளிர்வு முறை. மண்ணில் புதையும் மணல் துகள், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்திலிருந்து ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே வரும். பேட்டரி சார்ஜ் ஆவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் அதைத் தூண்டினால் சேர்த்ததை ஒளியாக வெளியிடும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், கடைசியாக எப்போது அது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடலாம்.

15 லட்சம் என்பது மனசில் நிற்காத எண். எக்ஸெலைத் திறந்து, அந்தக் காலம் முழுவதையும் ஒரே நாளாகச் சுருக்கிப் பாருங்கள். ஒரு நாளில் 86,400 விநாடி. =4500/1500000*86400 என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். விடை 259 விநாடி. எகிப்தின் பெரிய பிரமிடு கட்டி நாலு நிமிடம் சொச்சம்தான் ஆகிறது! 1856-ல் அம்பத்தூர் வழியாக ஓடிய முதல் ரயில்? போய்ப் பத்து விநாடிகூட முழுசாக ஆகவில்லை.

குட்டித் தகவல்கள்

* பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு உலகெங்கும் “சார்னோக்கைட்” என்று பெயர். கல்கத்தா நகரத்தோடு தொடர்புள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான். அதைப் பார்த்து 1893-ல் தாமஸ் ஹாலந்து பெயர் வைத்தார். நம் ஊர்க் கல், கல்கத்தாக்காரர் பெயர்!

* ஆவடி இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். ஆனால் பின்கோடு 600 054 என்று சென்னைக் கணக்கில் தொடங்குகிறது. பூந்தமல்லி 600 056. 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான பின்கோடு, தபால் பிரிக்கும் வசதிக்காகப் போட்ட எண். வருவாய் மாவட்ட எல்லையை அது பார்ப்பதில்லை.

* தியாகராய நகர் எழுந்தது “லாங் டேங்க்” என்ற நீண்ட ஏரி இருந்த இடத்தில். ஏரி போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் “லேக் வியூ ரோடு” மட்டும் இருக்கிறது!

தகவல் 8: மூன்று விநாடித் தண்ணீர்

கடைசித் தகவல்தான் என்னை மிகவும் உலுக்கியது. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கால்குலேட்டரில் போட்டதும் வந்த விடை.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. குடம் ஏந்தி இரவெல்லாம் லாரிக்குக் காத்திருந்தோம். ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. 50 டேங்கர், மொத்தம் சுமார் 25 லட்சம் லிட்டர். தெற்கின் மூத்த லைன் என்று மேலே சொன்னேனே, அதே பாதையில் ஆவடியையும் அம்பத்தூரையும் தாண்டி வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்போது நாலு வருடம் பின்னால் போங்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெருமழை. பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி என்பது 28.317 லிட்டர்.

எக்ஸெலில் =2500000/(29000*28.317) என்று கொடுங்கள். விடை 3.04.

ஒரு முழு ரயில் தண்ணீர், அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வெளியேறிய வெறும் மூன்று விநாடித் தண்ணீர்! அந்த ஏரியின் முழுக் கொள்ளளவான 364 கோடியே 50 லட்சம் கன அடியை ரயிலில் கொண்டுவர வேண்டுமானால் 41,000 ரயில்களுக்கு மேல் வேண்டும். ஒரு ஏரியின் மதிப்பை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் பகுதியின் ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று சங்கிலியாகக் கட்டிவைத்தார்கள். நடுவில் ஒரு கால்வாயை அடைத்து மனை போட்டால், வரவேண்டிய இடத்துக்குத் தண்ணீர் வராது. வரக்கூடாத இடத்துக்கு, அதாவது வீட்டு ஹாலுக்கு வரும்.

மனை வாங்கும் முன் பத்து நிமிடச் சோதனை

சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் பூந்தமல்லிப் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினார். “மேட்டுப் பூமி, தண்ணியே நிக்காது” என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். “கேட்டதை அப்படியே எடுத்துக்காதீங்க சார், ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க” என்று கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். பழைய சாட்டிலைட் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்தினோம். ஒரு மழைக்காலப் படத்தில் அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் முழுக்கத் தண்ணீர். மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பணப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

நீங்களும் செய்து பார்க்கலாம்.

1. கூகுள் எர்த் புரோ சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். தேடும் கட்டத்தில் இடத்தின் பெயரைக் கொடுத்து, தெருவரை நெருங்கிச் செல்லுங்கள்.

2. வியூ மெனுவில் ஹிஸ்டாரிக்கல் இமேஜரி என்பதைக் கிளிக் செய்திடுங்கள். மேலே ஒரு காலக்கோடு தோன்றும். அதில் உள்ள ஸ்லைடரை மவுஸால் இடப்பக்கம் இழுத்தால் பழைய படங்கள் வரும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதப் படங்களை முக்கியமாகப் பாருங்கள். மே மாதப் படத்தில் எல்லா ஏரியும் மைதானம் போலத்தான் தெரியும்!

3. இன்னும் பின்னால் போக வேண்டுமா? அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலக வெப்சைட்டில், 1950-களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு வெளியிட்ட இந்திய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மெட்ராஸ் தாளை டவுன்லோட் செய்து, இன்றைய மேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ஏரிகளின் அந்தக் கால எல்லை தெரியும்.

4. தமிழக அரசின் நில ஆவண மின்சேவை வெப்சைட்டில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். அரசு புறம்போக்கா என்று பார்க்கவும் அங்கே வசதி உண்டு. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று வகைப்பாடு இருந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

5. ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் காதுகொடுத்துக் கேளுங்கள். ஏரி, தாங்கல், ஏந்தல், குட்டை, மதகு, கலங்கல், கரை என்று வந்தால் அங்கே தண்ணீர் இருந்தது என்று நம் முன்னோர் எழுதி வைத்த குறிப்பு அது. எந்த நோட்டீஸையும்விட நம்பகமானது.

நான்காவது சோதனையில் சந்தேகம் வந்தால் தாலுகா அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். திரையில் தெரிவது வழிகாட்டிதான், சட்டப்படியான சான்று அல்ல.

கடலாக இருந்த நிலம், கல்கோடரி செய்த கைகள், ஒன்பது நிமிடம் தாமதமாக வரும் சூரியன் என்று எத்தனையோ நம் வாசலிலேயே இருக்கின்றன. இவற்றைத் தெரிந்துகொள்வதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால், இவற்றைச் சரிபார்த்துப் பழகிய கண், நாளைக்கு வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பும் ஒரு நொடி நின்று பார்க்கும். அதுதான் பெரிய லாபம்.

அடுத்த முறை “உங்களுக்குத் தெரியுமா?” என்று செய்தி வந்தால், உடனே அனுப்பிவிடாமல் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு போல்டர் திறந்து, சரிபார்த்த தகவல்களை மட்டும் அதில் சேருங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நம்மைவிடக் கறாராகச் சோதிப்பார்கள்!